வெள்ளிக்கிழமை குவார்ட்டர்பேக்

சவூதியில், தம்மாமில் எங்கள் வீட்டு டிவிக்கு மேலே ஓர் அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரனின் படம் ஒட்டியிருந்தது. தலையில் கவசம், சட்டையில் பதினொன்று என்ற எண். அவன் பெயரை அப்பா ஒருநாளும் சரியாக உச்சரித்ததில்லை. அந்த ஆட்டத்தில் பந்தை எறிகிறவனுக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர்; எங்களுக்கு அவன்தான் குவார்ட்டர்பேக். உலகத்தில் வேறு குவார்ட்டர்பேக்குகளும் உண்டு என்பதே எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

அப்பா அமெரிக்கர்கள் குடியிருந்த ஒரு காம்பவுண்டில் ஏசி மெக்கானிக். அங்கே ஒரு கிழவர், தன் மகன் அனுப்பும் ஆட்டக் கேசட்டுகளைப் பார்த்து முடித்ததும் அப்பாவிடம் கொடுப்பார். வெள்ளிக்கிழமை காலை வீட்டு ஜெபம் முடிந்ததும் கேசட் ஓடும். கையால் எறிகிற ஆட்டத்துக்கு ஏன் கால்பந்து என்று பெயர் வைத்தார்கள் என்று அம்மா கேட்டால் மட்டும் அப்பாவுக்குக் காது கேட்காது. எனக்கு விளக்குவார்.

"பந்து கைக்கு வந்தா மூணே செகண்டு மக்களே. தடித்தடியா நாலு பேரு மேல விழ வருவானுவ. இவன் அவனுவள பாக்கவே மாட்டான். அங்க ஓடுதவனத்தான் பாப்பான்."

மூன்று வாரத்துக்கு முன்பே முடிந்துபோன ஆட்டத்துக்கு அப்பா கைகூப்பி ஜெபிப்பார். ஜெயித்தால் அது தன் ஜெபத்தால்தான் என்றும் நம்பினார். மூத்த ஆட்டக்காரன் அடிபட்டு விழுந்தபோது பெஞ்சிலிருந்து எழுந்து வந்தவன் எங்கள் ஆள். முதல் பந்தையே எதிராளி கையில் கொடுத்தான். பிறகு மழையில் எறிந்ததும், பனியில் எறிந்ததும், விழுந்துகொண்டே எறிந்ததும் எனக்கு மனப்பாடம். என் வகுப்பில் வேறு யார் வீட்டிலும் அப்படி ஒருவன் இல்லை என்று எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அந்தப் பெருமைதான் வினையானது. எட்டு வயதில், ஊரிலிருந்த பெரிய மாமாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். அப்பா கல்யாணத்துக்கு முன்னால் நன்றாகக் குடித்தவர். இனித் தொடமாட்டேன் என்று பைபிள்மேல் கைவைத்து அவர் செய்த சத்தியத்தை நம்பி, வீட்டில் எல்லாரையும் எதிர்த்துத் தங்கையைக் கொடுத்தவர் மாமா. இது எதுவும் எனக்கு அப்போது தெரியாது.

"அப்பா என்ன செய்யுதாவ?" என்றார் மாமா.

"வெள்ளிக்கிழமையில்லியா மாமா, குவார்ட்டர்பேக்."

"என்னது, குவார்ட்டரா?"

"ஆமா. ஒரு அமெரிக்கத் தாத்தா சும்மா குடுப்பாரு. ஜெபம் முடிஞ்சதும் உக்காந்துருவாவ. சில நேரம் அம்மாவும் கூட."

மறுமுனையில் போன் வைக்கப்பட்டது. அம்மா திரும்பக் கூப்பிட்டு எவ்வளவோ விளக்கினாள். அப்படி ஓர் ஆட்டமே கிடையாது, புருஷனுக்காகப் பொய் சொல்லாதே என்றாராம் மாமா. அம்மா அழுதாள். அப்பா கேசட்டை நிறுத்திவிட்டு, "லீவுக்குப் போவோம்லா, பாத்துக்கிடலாம்" என்றார். மாமாவிடம் தானாகப் போன் பேசவே இல்லை.

அந்த வருஷமே குவார்ட்டர்பேக்கின் முழங்கால் போனது. ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். கேசட் கொடுத்த கிழவரே, அவன் கதை முடிந்தது என்றார். அடுத்த வருஷம் அவன் லேசாக நொண்டிக்கொண்டே வந்து, கடைசி ஆட்டத்தின் கடைசிப் பந்தை எறிந்து கோப்பையை வாங்கினான். அப்பா எழுந்து நின்று கைதட்டினார்.

"முடிஞ்சுன்னு சொன்னவன்கிட்ட ஒரு வார்த்தை பேசினானா பாரு. எறிஞ்சு காட்டிட்டான்."

இரண்டு மாதம் கழித்து லீவு கிடைத்தது. பஹ்ரைனிலிருந்து கிளம்பிய விமானத்தில், குடிக்கத் தடையுள்ள சவூதியில் இரண்டு வருஷம் நாக்கு வறண்டு கிடந்தவர்கள் எல்லாம் தள்ளுவண்டி வரும் முன்பே கையை நீட்டினார்கள். அப்பா இரண்டு முறையும் ஆரஞ்சு ஜூஸ் வாங்கினார். கிழவர் பரிசாகக் கொடுத்த பதினொன்றாம் எண் சட்டையைத்தான் போட்டிருந்தார்.

திருவனந்தபுரத்தில் வெளியே வந்ததும் மாமா நேராக அப்பாவிடம் வந்து கட்டிப்பிடித்தார். முகத்தோடு முகம் வைத்து, விடவே இல்லை. அப்பாவும் விலகவில்லை. நிமிர்ந்து நின்று, மாமாவின் மூக்குக்கு நேராக நீளமாக ஒரு மூச்சு விட்டார். பிறகு இன்னொன்று. மாமாவின் கண் கலங்கியது. "மாப்பிள்ளே" என்று மட்டும் சொன்னார். நான் சட்டையைத் தொட்டுக் காட்டி, "மாமா, இதுதான் குவார்ட்டர்பேக்" என்றேன். மாமா தலையாட்டிக்கொண்டே அப்பாவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

என்னை மாமா அவ்வளவு நேரம் கட்டிப்பிடிக்கவில்லையே என்று, ஊர் போய்ச் சேரும்வரை காரில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.