டிஸ்பியூட் தடம்

எங்கள் வீட்டில் 'டிஸ்பியூட்' என்பது ஒரு வழியின் பெயர். ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்களுக்கு ஒரு மாந்தோப்பு இருந்தது. மெயின் ரோட்டிலிருந்து அதற்குள் போகும் வண்டித்தடம்தான் அது. எண்பதுகளில் அப்பாவும் சித்தப்பாவும் தோப்பைப் பாகம் பிரித்தபோது, தடம் யாருக்கு என்று பத்திரத்தில் தெளிவாக எழுதாமல் விட்டுவிட்டார்கள். அண்ணன் தம்பிக்குள் என்ன எழுத்து வேண்டிக்கிடக்கிறது என்று நினைத்திருப்பார்கள். சில வருஷம் கழித்து அதே அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு வக்கீலைப் பிடித்துக்கொண்டு வில்லிபுத்தூர் கோர்ட்டில் போய் நின்றார்கள்.

அப்பாவின் வக்கீல்தான் அந்த வார்த்தையை எங்களுக்குக் கொடுத்தார். "தடம் இப்ப டிஸ்பியூட்ல இருக்கு. தீர்ப்பு வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் போகலாம், வரலாம். யாரும் வேலி போடக் கூடாது." அப்பா வீட்டுக்கு வந்து இதை அப்படியே ஒப்பித்தார். மறுநாளே அம்மா அதைப் புழங்க ஆரம்பித்துவிட்டாள். "டிஸ்பியூட் வழியாப் போயி நாலு மாங்கா பொறக்கிட்டு, செத்த நேரத்துல வாரேன்" என்பாள். சித்தி வீட்டிலும் அதற்கு அதே பெயர்தான்.

எங்கள் பக்கத்தில் சண்டை என்றால் சத்தம் இருக்கும். தகராறு என்றால் விலக்கிவிட நாலு பேர் வருவார்கள். டிஸ்பியூட்டில் இந்த இரண்டுமே கிடையாது. அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஒரு மழைக்குத் தடத்துப் பள்ளத்தை அப்பா மண்போட்டு மூடினால், அடுத்த மழைக்குச் சித்தப்பா மூடுவார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு வில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர் வேலை கிடைத்தது. வாய்தா நாட்களில் நாங்கள் மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் போவோம். காலை பஸ்ஸில் இடம் பிடிப்பது லேசான காரியம் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி திரும்பும்போதே கூட ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டு போட வேண்டும். அப்பா போடுவார், இரண்டு பேருக்கு. சித்தப்பா நிதானமாக ஏறி வந்து, ஏதோ கவர்மென்ட்டே ஒதுக்கிக் கொடுத்த மாதிரி பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். சாயங்காலம் திரும்பும்போது சித்தப்பாவின் முறை. வில்லிபுத்தூரில் பஸ் நிற்பதற்குள் அவருடைய பச்சைக்கரைத் துண்டு உள்ளே விழுந்துவிடும். பிறகு அப்பா போய் உட்காருவார். இடம் பொது, டிக்கெட் தனித்தனி.

பேச வேண்டியது ஏதாவது இருந்தால், முன் சீட்டில் இருக்கும் என் வழியாகத்தான் பேசுவார்கள்.

"டீச்சரம்மா, ஒங்க அப்பாவ ஷட்டர எறக்கச் சொல்லு. சாரல் அடிக்கி. அவியளுக்கு ஏற்கெனவே நெஞ்சுச் சளி" என்பார் சித்தப்பா. யாரும் சொல்லாததுபோல அப்பா ஷட்டரை இறக்குவார். அன்றைக்குக் காலையில்தான் ஒருவரை ஒருவர் பொய்யர் என்று நிரூபிக்க இருவரும் வக்கீல்களுக்குப் பணம் கட்டியிருப்பார்கள். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வரும். ஆனால் அந்த வாய்தா நாட்களை நான் எதிர்பார்த்திருந்தேன். அப்போது அது எனக்கே தெரியவில்லை.

ஒருநாள் 'டிஸ்பியூட்' என்ற அந்த வார்த்தை பாடத்திலேயே வந்தது. கரும்பலகையில் 'தகராறு, சச்சரவு' என்று எழுதிப்போட்டேன்.

"அப்படின்னா சண்டையா டீச்சர்?" என்று முன்பெஞ்சுப் பெண் கேட்டாள்.

"சண்டை இல்ல. இன்னும் யாருக்குன்னு ஆகாதது. அதுவரைக்கும் ரெண்டு பேருக்கும் சொந்தம்" என்றேன். எந்த அகராதியிலும் அப்படி இருக்காது. வகுப்பே அதை நோட்டில் எழுதிக்கொண்டது. நானும் அழிக்கச் சொல்லவில்லை.

தீர்ப்பு அன்று பள்ளிக்கூடம் விட்டதும் கோர்ட்டுக்குப் போனேன். தடம் அப்பாவுக்கு என்று ஆகியிருந்தது. வக்கீல் கைகொடுத்தார். குமாஸ்தா பால்கோவாவுக்கு அடி போட்டார். சித்தப்பாவைக் காணவில்லை. அப்பா சிரித்த முகத்தோடுதான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

ராஜபாளையம் பஸ் வந்து நின்றது. அப்பா ஏறாமல், ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே பின்பக்கம் வரைக்கும் போய்த் திரும்பினார். அடுத்த பஸ் காலியாகவே வந்தது. அதிலும் அவர் ஏறவில்லை.

"அப்பா, எடம் இருக்கே."

"இரு தாயி. அவன் எதுலயாவது துண்டு போட்ருப்பான்."

எங்களை வழக்கமாகப் பார்க்கிற பூக்காரம்மா கூடையை நகர்த்தியபடி சொன்னாள்: "ஒங்க தம்பி அப்பவே போயிட்டாவளே அண்ணாச்சி." அப்பா தலையை ஆட்டினார். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. கேஸில் தோற்றிருந்தால்கூட அவர் அப்படி நின்றிருக்க மாட்டார்.

அதற்கடுத்த பஸ்ஸில் ஏறினோம். நான் முன் சீட்டில் உட்கார்ந்தேன். அப்பா பின்னால் உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பக்கத்து இடத்தில் விரித்தார். ஊரைத் தாண்டி, வழியில் ஒரு ஸ்டாப்பில் கூட்டம் ஏறியது. ஒரு பெரியவர் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு, "இங்கன ஆளு வருதா?" என்று கேட்டார்.

"வருது" என்றார் அப்பா.

ராஜபாளையம் வரைக்கும் அந்தப் பெரியவர் நின்றுகொண்டே வந்தார். அப்பா துண்டை எடுக்கவில்லை.