பல்லில் ஸ்குரூடிரைவர்

ஸ்பிரோவின் படகுக்குள் குனிந்து, நீண்ட ஸ்குரூடிரைவரின் மரப்பிடியைப் பல்லில் கடித்து, அதன் முனையை இஞ்சின் மேல் ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார் மெர்வ் ட்ரெசைஸ். பார்க்கிறவர்களுக்கு, எலும்பை விடமாட்டேன் என்கிற நாய் மாதிரி இருக்கும். சற்று நேரம் கழித்துப் பிடியை வாயிலிருந்து எடுக்கிறார், கால்சட்டையில் துடைக்கிறார், "தண்ணி பம்ப்பு நல்லாத்தான்டா இருக்கு. தாங்கும், தாங்கும்" என்கிறார். ஸ்பிரோவும் சரியென்று நண்டு பிடிக்கக் கிளம்பிவிடுகிறார். மறுநாளே அந்தப் பம்ப்பு நடுக்கடலில் உயிரை விடுகிறது. ஸ்பிரோ பம்ப்பைத் திட்டுகிறார், தன் தலையெழுத்தைத் திட்டுகிறார், கட்டி இழுத்து வந்த படகுக்காரனைக்கூடத் திட்டுகிறார். மெர்வைத் திட்ட அவருக்குத் தோன்றவில்லை. மெர்வின் காது தப்பாகச் சொன்னதாக வாலரூ ஊரில் இதுவரை பேச்சில்லை.

அவருக்கு எழுபத்து நான்கு வயது. கோதுமைக் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த தகரக் கடையில் ஆயுசு முழுக்க டிங்கர் வேலை பார்த்தவர். நசுங்கின மட்கார்டு எதுவானாலும் தட்டித் தட்டிப் பழைய உருவத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். தகட்டை வெறுங்கையால் தொட்டுப் பார்க்கமாட்டார். மெல்லிய துணியை விரித்து அதன்மேல் உள்ளங்கையை ஓட்டுவார். மேடு பள்ளம் அப்போதுதான் தெரியுமாம். இந்தப் பழக்கம் கல்யாண விருந்து மேசை வரைக்கும் கூடவே வரும். பேசிக்கொண்டே விரிப்பைத் தடவி, "இந்தப் பக்கம் எறங்கி இருக்கு" என்று அடுத்தவர் காதில் சொல்வார். மாவுக்குள் இறைச்சி வைத்து மடித்துச் சுட்ட பேஸ்டியை முனையிலிருந்து தின்னாமல் நட்ட நடுவில் கடிக்கிற ஆளை அவர் நம்பவே மாட்டார்.

வீட்டு ஷெட்டில் நிற்கும் கடுகு மஞ்சள் நிற சார்ஜர் கார் அவருடையதில்லை. அவர் மனைவி ரேலீனுடையது. பக்கத்து ஊரான கடைனாவின் தொலைபேசி நிலையத்தில் காதில் கருவியோடும் கையில் இணைப்புக் கம்பியோடும் உட்கார்ந்திருந்த பெண், எழுபத்து இரண்டாம் வருடம் தன் சம்பளத்தில் தானே வாங்கிய வண்டி. நீண்ட மூக்கு, வெட்டிவிட்ட வால், இரண்டே கதவு, வயிறு நிறைய இஞ்சின். ஊர்ப் பையன்கள் சிரித்தார்கள். கோதுமை வயல்களுக்கு நடுவே போகும் நேர்ச் சாலையில் ரேலீன் அவர்களையெல்லாம் பின்னால் விட்டுவிட்டுப் போனதும் சிரிப்பு நின்றது. ஒருநாள் கங்காரு ஒன்று குறுக்கே பாய்ந்து மட்கார்டு நசுங்கிவிட, தட்டி நிமிர்த்தக் கொண்டுபோன கடையில் மெர்வ் இருந்தார். துணியை விரித்துத் தடவிக்கொண்டே நின்றவரிடம், "தடவுனது போதும், எப்ப குடுப்ப?" என்று கேட்டாராம் ரேலீன். மறு வருடம் கல்யாணம்.

இரண்டாவது குழந்தை பிறந்த கையோடு வண்டி புகை தள்ள ஆரம்பித்தது. "வேற எவன் கையும் படக்கூடாது. இந்த வெயில் காலத்துல நானே முடிச்சிர்றேன்" என்று மெர்வ் அதை அக்கக்காகக் கழற்றினார். அவ்வளவுதான். அடுத்தவர் வண்டி வந்தது, அதற்கடுத்தவர் வண்டி வந்தது, வீட்டுக்கூரை ஒழுகியது, பிள்ளைகள் படித்தார்கள். கியர்ப் பெட்டி பிள்ளைகளின் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. கதவுகள் கோழிக்கூண்டுக்குப் பின்னால் சாய்ந்து நின்றன. ரேலீன் முதலில் கேட்டார், பிறகு சண்டை போட்டார், பிறகு கேட்பதையே விட்டுவிட்டார். ஷெட்டின் வாசல்படியை மட்டும் அவர் தாண்டுவதில்லை. தேநீரைக் கொண்டுவந்து வெளியே இருக்கும் எண்ணெய் டிரம் மேல் வைத்து, தகரச் சுவரில் இரண்டு தட்டு தட்டிவிட்டுத் திரும்பிவிடுவார்.

ஊர் அப்படி விடுமா?

"டேய் மெர்வ், உன் பொண்டாட்டி வண்டி எப்படா வெளிய வரும்? என் சவப்பெட்டிய அதுலதான் ஏத்தணும்னு நெனச்சிருக்கேன்" என்பார் ஸ்பிரோ.

"இந்த வெயில் காலத்துல முடிச்சிரலாம்டா."

"எந்த வருஷத்து வெயில் காலம்னும் சேத்துச் சொல்லு. நானும் அதுக்கேத்த மாதிரி சாகணும்ல."

கடையை ஒரேயடியாக மூடிய பிறகு மெர்வ் நிஜமாகவே வேலையில் இறங்கினார். துரு தின்றுவிட்ட இடத்தையெல்லாம் வெட்டி எறிந்து புதுத் தகடு வைத்தார். அதே கடுகு மஞ்சளை அடித்தார், முகம் தெரிகிற வரைக்கும் தேய்த்தார். போன குளிர்காலத்தோடு எல்லாம் முடிந்தது. பாக்கி ஒன்றே ஒன்று. இஞ்சினை முதல்முறையாக முடுக்க வேண்டும். அதைத்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். கண்ணாடி ரப்பர் வரட்டும் என்றார், வந்தது. பின்விளக்குக் கண்ணாடி வரட்டும் என்றார், அதுவும் வந்தது. வெயில் கொஞ்சம் தாழட்டும் என்றார்.

வால்வுகளை இயக்கும் தண்டான கேம் ஷாஃப்டைப் புதிதாகப் போட்ட இஞ்சினை முதலில் முடுக்கும்போது மெதுவாக ஓடவிடக் கூடாது. இருபது நிமிடம் நிறுத்தாமல் உறும விட வேண்டும். அப்போதுதான் உள்ளே இரும்பும் இரும்பும் ஒன்றோடொன்று பழகும். அந்த நேரத்தில், அந்தத் தண்டின் மேல் ஏறி இறங்கும் டேப்பட் ஏதாவது 'டிக் டிக்' என்று தனியாகக் குரல் கொடுத்தால் உடனே அணைத்துவிட வேண்டும். விட்டால், தேய்ந்த இரும்புத் தூள் எண்ணெயோடு கலந்து உள்ளே எல்லாவற்றையும் அரைத்துவிடும். வண்டியோடு பிறந்த இஞ்சின் அது. வேறொன்றை வைத்தாலும் ஓடத்தான் செய்யும், ஆனால் அது ரேலீனின் வண்டியாக இருக்காது. மறுபடி எல்லாவற்றையும் கழற்றி மாட்ட மெர்வின் விரல்களில் வலுவும் இல்லை.

அந்த 'டிக் டிக்' மெர்வுக்குக் கேட்காது. விஷயம் இதுதான்.

சுத்தியல் சத்தத்திலேயே கிடந்த காது எப்போதோ மங்கிவிட்டது. பல் காப்பாற்றிக்கொண்டிருந்தது. ஸ்குரூடிரைவரைக் கடித்தால் இஞ்சினின் பேச்சு தாடை எலும்பு வழியாக உள்ளே வந்துவிடும், காது மங்கியது ஊருக்கும் தெரியாது. போன குளிர்காலத்தில் பல் மருத்துவர் இருந்த பற்களையெல்லாம் பிடுங்கிவிட்டுப் பல்செட்டு மாட்டினார். அன்றோடு அந்த வழியும் அடைந்தது. இப்போது கடித்தால் பல்செட்டுதான் ஆடுகிறது. யாருக்கும் தெரியாமல் அடிலெய்டு போய்க் காதுக் கருவி வாங்கி வந்தார். இஞ்சின் பக்கத்தில் அது எல்லாவற்றையும் ஒரே இரைச்சலாக்கிக் காட்டியது. அதைக் கருவிப் பெட்டியின் அடித்தட்டில் போட்டு மூடினார். படகில் அன்று கண்ணை மூடி நின்றதெல்லாம் வெறும் நடிப்பு. ஸ்பிரோ நடுக்கடலில் மாட்டிக்கொண்ட செய்தி வந்தபோது மெர்வ் ஷெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

அதே நாட்களில் ஷெட் விளக்கும் படுத்த ஆரம்பித்தது. வேலையில் மூழ்கியிருக்கும்போது இரண்டு முறை அணைந்து எரியும். மெர்வ் பல்பை மாற்றினார். மறுபடி மாற்றினார். ஏணி போட்டு ஏறி ஒயரை இழுத்துப் பார்த்தார். கடைசியில் ஒருநாள், விளக்கு சிமிட்டியதும் எரிச்சலோடு வெளியே வந்தார். டிரம் மேல் தேநீர் ஆவி பறந்துகொண்டிருந்தது. வீட்டின் பின்கதவருகே, ஷெட் விளக்கின் சுவிட்சில் ரேலீனின் விரல் இருந்தது.

தகரத்தைத் தட்டுவதை ரேலீன் எப்போது நிறுத்தினார் என்று மெர்வ் யோசித்தார். நினைவுக்கு வரவில்லை. சாப்பாட்டு மேசையில் எப்போதும் பக்கத்தில் உட்காருகிறவர் எதிர் நாற்காலிக்கு மாறியதும் அப்போதுதான் உறைத்தது.

அன்று மாலை கிழங்கான் மீன் வறுவல். முள் எடுப்பதுபோல் குனிந்துகொண்டே மெர்வ் கேட்டார்.

"உனக்கு எப்பத்துலேருந்து தெரியும்?"

மெர்வ் நிமிர்ந்து தன் முகத்தைப் பார்க்கும் வரைக்கும் ரேலீன் காத்திருந்தார்.

"கெட்டில் கத்திக் கத்தித் தண்ணியெல்லாம் வத்திப் போச்சு. நீ பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்த. அப்பத்துலேருந்து."

"சொல்லியிருக்கலாம்ல?"

"நீயா சொல்லுவன்னு பாத்தேன்."

மெர்வ் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "ரே, என்னால தனியா ஸ்டார்ட் பண்ண முடியாது. டேப்பட் அடிச்சா எனக்குக் கேக்காது. வண்டியக் கொன்னுருவேன்."

"அடிலெய்டுல மெக்கானிக்குக்கா பஞ்சம்? ஒருத்தனக் கூப்புடு."

"வேற எவன் கையும் படாதுன்னு சொல்லியிருக்கேன்."

"நாப்பது வருஷத்துக்கு முன்னாடி சொன்ன. இந்த வெயில் காலத்துல முடிச்சிர்றேன்னும்தான் சொன்ன." ரேலீனின் குரல் உடைந்தது, மெர்வுக்கு உதடு நடுங்கியது மட்டும் தெரிந்தது. "நான் ஏன் உள்ள வர்றதில்லன்னு ஒரு நாளாவது கேட்டியா? அது என் வண்டி. துண்டு துண்டாக் கெடக்கறதப் பாக்க எனக்குத் தெம்பில்ல மெர்வ்."

மெர்வ் தட்டைத் தள்ளி வைத்தார். "கேட்டிருக்கணும். கேக்கல," என்றார். "இப்ப முழுசா நிக்குது, ரே. அது எப்படி ஓடும்னு உனக்குத்தான் தெரியும். நீ வந்து கேளு. தப்பாக் கேட்டா கையக் கீழ எறக்கு, நான் நிறுத்திர்றேன். ஏன்னு கேக்க மாட்டேன்."

ரேலீன் எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு போனார். முதுகைக் காட்டிக்கொண்டு ஏதாவது சொல்லியிருந்தாலும் மெர்வுக்குத் தெரிந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலையில், இஞ்சினை முடுக்கும்போது தீப்பிடித்தால் அணைக்க மணல் வாளியோடு ஸ்பிரோ வந்தார். மெர்வ் அவரை உள்ளே விடாமல் வாசலிலேயே நிறுத்தினார்.

"பம்ப்பு விஷயத்துல நான் பொய் சொல்லிட்டேன்டா. எனக்குக் காது போச்சு. ஒண்ணும் கேக்காமலே நல்லாருக்குன்னு சொன்னேன்."

ஸ்பிரோ அவரையே பார்த்தார். "அட நாசமாப் போறவனே! நாள் பூரா வெயில்ல காஞ்சு கருவாடாக் கெடந்தேனேடா!" வாளியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "சரி, இத எங்க வைக்கணும்?"

அப்போது ரேலீன் வந்தார். வாசல்படியில் ஒரு கணம் நின்றார், தாண்டினார். கங்காரு மோதிய மட்கார்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பானட் ஓரமாகப் போய் நின்று கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, தொலைபேசி நிலையத்தில் உட்கார்ந்திருந்த காலத்துப் பழக்கமாக இடது காதை விரலால் அடைத்துக்கொண்டு, வலது கையை உயர்த்தினார்.

இஞ்சின் பிடித்துக்கொண்டது. தகரக் கொட்டகை முழுவதும் அதிர்ந்தது. மெர்வ் கார்ப்பரேட்டரின் விசையைக் கையால் பிடித்துக்கொண்டு ரேலீனின் முகத்தையே பார்த்தார். "டேய், மீட்டரப் பாருடா!" என்று ஸ்பிரோ கத்தினார். கேட்டிருந்தாலும் மெர்வ் பார்த்திருக்கமாட்டார்.

ரேலீனின் புருவம் சுருங்கியது. கை இறங்கியது.

மெர்வ் அணைத்துவிட்டார்.

"ஏம்மா, சிங்கம் மாதிரில்ல ஓடுச்சு?" என்றார் ஸ்பிரோ.

"முன்பக்கத்துல ஒண்ணு மட்டும் தனியாப் பேசுது," என்றார் ரேலீன், மெர்வின் முகத்தைப் பார்த்து.

மெர்வ் ஏன் என்று கேட்கவில்லை. டேப்பட் கவரைக் கழற்றினார். முன்பக்கத்தில் வால்வை அழுத்தும் ராக்கர் ஒன்றின் போல்ட் தளர்ந்திருந்தது. விரலாலேயே அதைத் திருக முடிந்தது. அவருக்கு உடனே புரிந்துபோயிற்று. அளவுக்கு முறுக்கியதும் 'க்ளிக்' என்று சத்தம் கொடுக்கும் ஸ்பேனரால்தான் எல்லாவற்றையும் முறுக்கினார். இந்த ஒன்றில் அந்தச் சத்தம் வரவே இல்லை. வந்ததாக நினைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போயிருக்கிறார்.

"கொன்னிருப்பேன் ரே."

"கொல்லல. முறுக்கு."

மெர்வ் முறுக்கினார். ரேலீன் காதைக் கிட்டே கொண்டுவந்து கேட்டுவிட்டுத் தலையசைத்தார். அடுத்த போல்ட். தலையசைப்பு. அதற்கடுத்தது. வரிசையில் ஒன்றைக்கூட விடவில்லை. ஸ்பிரோ வாளியைக் கீழே வைத்துவிட்டு, தேவாலயத்தில் நிற்கிற மாதிரி தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

இரண்டாம் முறை கை இறங்கவில்லை. வலிக்க வலிக்க, இன்னொரு கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டு ரேலீன் அப்படியே நின்றார். மூடிய கண்களிலிருந்து நீர் வழிந்தது. மெர்வ் அதையும் பார்த்தார், விசையை விடவில்லை. இருபது நிமிடம் ஆனதும் ஸ்பிரோ கைக்கடிகாரத்தை அவர் கண்முன்னால் நீட்டி, முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டார். மெர்வ் மெல்ல விசையைத் தளர்த்தினார். இஞ்சின் தணிந்து ஓடியது.

ரேலீன் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். மெர்வின் நீளக் காலுக்குப் பின்தள்ளியிருந்த இருக்கையை முன்னுக்கு இழுத்தார். கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினார்.

"எண்ணெய மாத்தணும் ரே," என்றார் மெர்வ், ஜன்னல் வழியாக.

"படகுத்துறை வரைக்கும் போயிட்டு வந்து மாத்து. ஏறு."

மெர்வ் சுற்றிக்கொண்டு போய் இடப்பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, விருந்துக்கு வந்த அந்நியர் போல நேரே பார்த்துக்கொண்டிருந்தார். ரேலீன் கிளட்சை மிதித்தார். பிறகு மெர்வின் வலது கையை மடியிலிருந்து எடுத்து, துடித்துக்கொண்டிருந்த கியர்க் குமிழின் மேல் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்து அழுத்தி, முதல் கியரைப் போட்டார்.