பத்தியம் தப்பாத வீடு

போன வாரம் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில், அழைத்துப் போக வந்திருந்த என் கண்ணெதிரிலேயே என் தங்கை சரோஜா மயங்கி விழுந்தாள். நல்லவேளை, இடுப்பில் இருந்த பிள்ளையை அவள் புருஷன் எட்டிப் பிடித்துக்கொண்டார். அவள் முகமெல்லாம் வெளுத்து... இரும்பு டானிக்கைப் பாட்டில் பாட்டிலாகக் குடித்தவளா இவள்?

நேராக லேடி டாக்டரிடம் போனோம். நாக்கை நீட்டச் சொன்னார். சிவந்து வழுவழுவென்று இருந்தது. ரத்தத்தைச் சோதித்துவிட்டு, "வீட்டுல என்னம்மா சாப்பிடுறே?" என்று கேட்டார்.

மாப்பிள்ளை முந்திக்கொண்டார் — அதுவும் பெருமையாக! "பிள்ளை பெத்ததுல இருந்து இன்ன வரைக்கும் பத்தியம் தப்பலைங்க டாக்டரம்மா. சோறு, பூண்டு ரசம், சுட்ட அப்பளம். பருப்பு வாயு, கீரை குளிர்ச்சி... பால் குடிக்கிற பிள்ளைக்குச் சளி புடிச்சிருமுல்ல?"

அந்தப் பிள்ளையோ டாக்டரின் மேஜையைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தது!

"அந்தப் பத்தியந்தான் வியாதியே!" என்றார் டாக்டர். கீரையிலும் பருப்பிலும் இருக்கிற ஒரு வைட்டமின் இல்லாவிட்டால் ரத்தம் சரியாக ஊறாதாம். பால் கொடுக்கிறவளுக்கு அது இன்னும் கூடுதலாக வேண்டுமாம். இரும்பை மட்டும் ஊற்றி என்ன பயன்? மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "இப்படியே விட்டீங்கன்னா இதயம் தாங்காது" என்றார்.

இத்தனைக்கும் அவர்கள் ஊரான அகரத்தில் சொந்தத் தோட்டத்தில் விளைவதே கீரைதான். விடிந்தால் கட்டுக் கட்டாகச் சந்தைக்குப் போகிறது. கட்டுவது யார்? சரோஜாதான். எனக்கு வந்த கோபத்தில்... சரி, விடுங்கள்.

நானும் கூடவே ஊருக்குப் போனேன் — சண்டை போடத்தான். அதற்கு அவசியமே ஏற்படவில்லை. சந்தைக்கு வைத்திருந்த கட்டிலிருந்து அரைக்கீரையை உருவி, பருப்போடு கடைந்து, தட்டோடு நடுவீட்டில் உட்கார்ந்துவிட்டாள் சரோஜா.

மாமியார் பதறினார். "ஏத்தா, பிள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

எதிர்த்துப் பேசியறியாத என் தங்கை, சோற்றைப் பிசைந்தபடி கேட்டாள்: "நான் செத்துப்போனா அதுக்கு யாரு பால் குடுக்கிறது அத்தே?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாப்பிள்ளைதான் எழுந்து போய்க் கீரைச் சட்டியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

நேற்று மறுபடி பார்க்கப் போனேன். பிள்ளைக்குச் சளி பிடித்திருந்தது — மார்கழிப் பனியில் எந்தப் பிள்ளைக்குத்தான் பிடிக்கவில்லை? சரோஜா அதன் மூக்கைத் துடைத்துவிட்டாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து, தன் தட்டில் இன்னொரு கரண்டி கீரை போட்டுக்கொண்டாள்.