படகுக்கு மட்டும் போட்ட பாலிசி

சூலூர்ப் பக்கம் ஒரு குளத்தில் நான் பெடல் படகு விட்டுக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்து வாசலோடு திரும்பிய நான், நாலு படகுக்கு முதலாளி என்று மீசையை முறுக்கித் திரிந்த காலம் அது.

"படகுக்கு இன்சூரன்ஸ் போட்டாச்சுங்க. ஏறுறவங்களுக்கு அடிபட்டாக் குடுக்கிற பாலிசி தனியா இருக்குதுங்க" என்றார் ஏஜென்ட்.

"படகுதானுங்க என்னுது. ஏறுறவங்க அவங்கவங்க ஊட்டுச் சொத்துங்க!"

ஏஜென்டே சிரித்துவிட்டார்.

அந்தக் கோடையில், நாளைக்கு ஆணி அடிக்கலாமென்று நான் விட்டுவைத்திருந்த இறங்கு பலகை உடைந்தது. விசைத்தறியில் வேலை செய்யும் ஒரு பெண் படகின் மேலேயே விழுந்தார். படகும் விரிசல் விட்டது, அவருடைய வலது கையும் முறிந்தது.

இன்சூரன்ஸில் படகு புது பெயின்ட்டோடு வந்து நின்றது. அவரோ தறிக்குப் போக முடியாமல் வீட்டில் கிடந்தார்.

ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். கட்டுப் போட்ட கையோடு எழுந்து வந்தவர், "ஏனுங்க, நா உழுந்ததுல உங்க படகு ஒடைஞ்சுபோச்சாமா? சரியாயிருச்சுங்களா?" என்று கேட்டார்.

"ஆயிருச்சுங்க அம்மணி." ஆப்பிள் பையைத் திண்ணையில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாளே ஏஜென்டைத் தேடிப்போய் அந்த இன்னொரு பாலிசியையும் போட்டேன்.

"ஏனுங்க, இது பழைய அடிக்கும் சேருமுங்களா?"

இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.