லைசென்ஸுக்காக விதைத்த வேர்க்கடலை

முடிச்சூரில் எங்கள் வீட்டுப் பத்திரம் மகன் பெயரில் இருக்கிறது. ரேஷன் கார்டில் குடும்பத் தலைவி மருமகள். கரண்ட் பில் இன்னும் செத்துப்போன மாமனார் பெயரில் வருகிறது. இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்றுதான் என் பெயரில் இருந்தது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். மெதுவாகத்தான் எழுதுவேன், எனக்கு அவசரம் கிடையாது.

வீட்டுக்காரர் தவறிப்போனபோது துப்பாக்கியைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்வதாகக் கொழுந்தனார் சொன்னார். அவரிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தது. நான் விடவில்லை. கைநாட்டு வைக்கிற பொம்பளைக்குத் துப்பாக்கி எதற்கு என்று லைசென்ஸ் ஆபீஸில் ஒருவர் கேட்டதாக வந்து சொன்னார். இரண்டு மாதம் சிலேட்டில் என் பெயரை எழுதிப் பழகி, அந்த ஆபீஸர் மேஜையிலேயே போய்க் கையெழுத்துப் போட்டேன். ஒரு எழுத்துகூடக் கோணவில்லை. எனக்கு எழுத்து வந்தது அப்படித்தான்.

லைசென்ஸில் காரணம் என்று ஓர் இடம் உண்டு. எங்களுக்கு அதில் பயிர்ப் பாதுகாப்பு என்று எழுதியிருந்தார்கள். அப்போது ஏரி வரைக்கும் எங்கள் நிலம். நெல், கடலை, ஒரு மூலையில் கரும்பு. காட்டுப்பன்றி இறங்கினால் ஒரே ராத்திரியில் அரை ஏக்கர் போய்விடும். பிறகு நாங்களே மனை மனையாக விற்றோம். அதில் அடுக்குமாடி எழும்பியது. பன்றி வருவதும் நின்றது. துப்பாக்கி மட்டும் பீரோவில் புடவைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்போம், முடிந்ததும் வாங்கி வருவோம். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைப்போம். அவ்வளவுதான் அதற்கு வேலை.

கொழுந்தனார் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர்களின் சங்கம் ஒன்றில் சேர்ந்தார். மாடம்பாக்கத்தில் ஒரு ரிட்டையர்டு வாத்தியார், அவருடைய சிநேகிதர், கிறிஸ்தவர். அவரிடமும் அப்பா வழியில் வந்த ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வாத்தியார் எங்கள் வீட்டுக்குக் காபிக்கு வருவார். வந்தால் இரண்டு பேரும் சங்கத்தைப் பற்றியே பேசிச் சண்டை போடுவார்கள்.

"ஆபீஸ்ல ஒத்த ஆளா போய் நின்னா தொரத்துவான் அண்ணி. சங்கமா போனா சேர் எடுத்துப் போடுவான்" என்பார் கொழுந்தனார். ஒவ்வொரு ரினிவலிலும் யாராவது ஒருவர் லைசென்ஸை வெட்டிவிடுகிறார்கள், கேட்க நாதியில்லை, துப்பாக்கி வைத்திருப்பது நம் உரிமை என்பது அவர் கட்சி.

வாத்தியார் காபியை ஆற்றிக்கொண்டே பதில் சொல்வார். "முன் வரிசையில உக்கார்றவங்கள்ல யாராவது ஏர் புடிச்சிருக்காங்களா? எல்லாம் பிளாட் விக்கிறவங்க. அவங்களுக்கு இடுப்புல பிஸ்டல் வேணும். முன்னாடி நிறுத்திக் காட்ட உங்கள மாதிரி பயிர் வெச்ச வீட்டு ஆளுங்க வேணும். உரிமையாம். இது சர்க்கார் குடுக்கிற பர்மிஷன். கேட்டா திருப்பிக் குடுக்க வேண்டியதுதான்."

"அப்ப நீங்க ஏன் வாத்தியாரே வெச்சுகினு கீறீங்க?"

"இன்னும் கேக்கலையே."

என்னை யாரும் கேட்கவில்லை. எனக்கு அது உரிமையும் இல்லை, பர்மிஷனும் இல்லை. மண்வெட்டி போல ஒரு சாமான். ஆனால் மண்வெட்டிக்கு யாரும் என்னிடம் கையெழுத்துக் கேட்டதில்லை. அதனால் துப்பாக்கி எனக்குக் கொஞ்சம் உசத்தி.

இந்த முறை ரினிவலுக்குப் போனபோது ஆபீஸில் பயிர் எங்கே என்று கேட்டார்கள். பயிர் இல்லையென்றால் லைசென்ஸ் கிடையாது, துப்பாக்கியை ஒப்படைத்துவிட வேண்டும். இதற்குச் சங்கத்தில் ஒரு வழி வைத்திருந்தார்கள். பழைய லைசென்ஸ்காரர்கள் எல்லாரும் விசாரணை வரும் சமயத்தில் கிடைக்கிற இடத்தில் எதையாவது விதைத்துக் காட்டுவார்கள். ஒருவர் மொட்டை மாடியில் தொட்டி வைத்துக் கேழ்வரகு வளர்த்துக் காட்டினாராம். எங்களுக்கு வீட்டுக்குப் பின்னால் மூன்று சென்ட் விற்காமல் கிடந்தது. மூன்று பக்கமும் அடுக்குமாடி, நாலாவது பக்கம் எங்கள் சமையலறை. ஆடியில் நானே கொத்தி வேர்க்கடலை போட்டேன். மோட்டார் தண்ணீர். பூப் பூத்திருந்தபோது வி.ஏ.ஓ. வந்து செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, பயிர் இருக்கிறது, இதை அழிக்க எந்த மிருகம் வருகிறது என்று கேட்டுவிட்டுப் போனார்.

காய் பிடித்த வாரம் ஒரு நாள் மத்தியானம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். பின்பக்கம் மண்ணைக் கிளறும் சத்தம் கேட்டது. இந்தச் சத்தத்தை நான் கேட்டு முப்பது வருஷம் இருக்கும். ஆனாலும் காது மறக்கவில்லை. மூக்கால் முட்டி, வேரோடு நெம்பி, காயை மட்டும் கடித்து நொறுக்குகிற சத்தம். கதவைத் திறந்தேன். சத்தம் நின்றுவிட்டது. ஒரு சால் முழுக்கச் செடிகள் வரிசையாக மல்லாந்து கிடந்தன. மண் ஈரமாக மேலே வந்திருந்தது. பன்றி வாசனை மூக்கைத் துளைத்தது. சுற்றிலும் ஆள் உயரக் கம்பி வலை வேலி, இரும்பு கேட் பூட்டியிருந்தது.

மறுநாளும் அதே நேரம், அடுத்த சால். மூன்றாம் நாள் பக்கத்து அடுக்குமாடி வாட்ச்மேனிடம் போனேன். அவர்கள் கேமரா ஒன்று என் நிலத்தைப் பார்த்தபடி இருக்கிறது. முந்தின நாள் மத்தியானத்தை டிவியில் பின்னால் ஓட்டிக் காட்டினார். வெயில் பளிச்சென்று அடித்தது. செடிகள் ஆடாமல் நின்றன. பிறகு ஓரத்துச் செடி ஒன்று நடுங்கிச் சாய்ந்தது. அடுத்தது சாய்ந்தது. அடுத்தது. யாரோ ஒருவர் சாவகாசமாகச் சாலோடு நடந்து போவது போல ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே வந்தன. ஆளும் இல்லை, மிருகமும் இல்லை. தரையில் செடியின் நிழலைத் தவிர வேறு நிழல் இல்லை.

"காத்தா இருக்கும் ஆயா" என்றார் வாட்ச்மேன்.

அந்தப் படத்திலேயே மேல் வீட்டு பால்கனியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அதில் ஒரு முந்தானைகூட அசையவில்லை. அவரும் அதைப் பார்த்திருக்க வேண்டும். டிவியை அணைத்துவிட்டு, கேட்டைப் போய்ப் பார்ப்பதாகச் சொல்லி எழுந்துகொண்டார்.

கொழுந்தனாருக்குச் சொன்னதும் ஓடி வந்தார். நிலத்தைப் பார்த்தவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். குனிந்து குளம்புத் தடங்களைப் படம் எடுத்தார். தடம் இருந்தது, நிஜமாகவே இருந்தது. பெரிய பன்றி, கனமானது. ஆனால் நிலத்துக்குள் வந்த தடமும் இல்லை, வெளியே போன தடமும் இல்லை. அதை நான் காட்டினேன். அவர் காதில் வாங்கவில்லை.

"பன்னியே வந்து சாட்சி சொல்லிகீது அண்ணி" என்றார்.

இரண்டு நாளில் சங்கத்திலிருந்து டைப் அடித்த பேப்பர் வந்தது. காட்டுப்பன்றி என் பயிரை அழித்ததை என் கண்ணால் கண்டேன் என்று அதில் இருந்தது. குரோம்பேட்டையில் கூட்டம், அங்கே எல்லார் முன்னாலும் நான் சொல்ல வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும். அதை வைத்து என் லைசென்ஸோடு இன்னும் இருபது பேருடையதும் பிழைக்கும். நான் மாட்டேன் என்றால் என்னுடையது அந்த மாதத்தோடு முடிந்தது.

வாத்தியாரிடம் கேட்டேன். போடாதீங்கம்மா, பார்க்காததைப் பார்த்ததாக எழுதிக் கொடுப்பது பொய்ச் சாட்சி என்றார். அவர் சொன்னது சரி. ஆனால் துப்பாக்கியை விட எனக்கு மனசில்லை. பார்த்துவிட்டால் பொய் இல்லையே என்று தோன்றியது.

கூட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம் பீரோவைத் திறந்தேன். துடைத்தேன். மடக்கி இரண்டு தோட்டா போட்டேன். செருப்பில்லாமல் பின்கதவைத் தாண்டி நிலத்தின் நடுவில் போய் நின்றேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. ஏதோ வீட்டில் குக்கர் விசில் அடித்தது. பிறகு எதிர் வேலியோரம் செடி சாய்ந்தது. இந்தத் தடவை என்னைக் கண்டு நிற்கவில்லை.

துப்பாக்கியைத் தோளில் ஏற்றினேன். குழலுக்கு நேரே செடிகள் விழுந்துகொண்டு வந்தன, உருவம் இல்லை. அதற்குப் பின்னால் தரைத்தள வீட்டு ஜன்னல், கம்பியில் பள்ளிக்கூடச் சட்டை ஒன்று. சத்தம் இடப்பக்கம் திரும்பியது. நானும் திரும்பினேன். அந்தப் பக்கம் பால்கனி, யாரோ ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு தலை உலர்த்தினாள். சத்தம் வலப்பக்கம் போனது. அங்கே வாட்ச்மேன் நாற்காலி, அவர் கால்கள் மட்டும் தெரிந்தன. என்னைச் சுற்றிப் பின்னால் வந்தது. பின்னால் என் சமையலறை. வீட்டுக்காரர் காலத்தில் எப்போதும் ஏரிக்கரையைப் பார்த்துத்தான் சுடுவார். குறி தப்பினாலும் குண்டு கரை மண்ணில் போய்ப் புதைந்துகொள்ளும். இப்போது ஏரிக்கரை எந்தப் பக்கம் என்றே எனக்குத் தெரியவில்லை. நான் பிறந்து வாழ்ந்த ஊரில் நடு மத்தியானத்தில் துப்பாக்கியோடு ஒரு முழுச் சுற்று சுற்றினேன். சுடுவதற்கு ஒரு திசை இல்லை.

அது என் முன்னால் வந்து நின்றது. கால் விரலில் சூடான மூச்சுப் பட்டது. குனிந்து பார்த்தேன். என் பாதமும் மண்ணும்தான். குழலைத் தாழ்த்தி, தோட்டாக்களை வெளியே எடுத்தேன்.

குரோம்பேட்டைக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில், பந்தி போடும் கூடத்தில். நாற்பது பேர் இருப்பார்கள். முக்கால்வாசி கிழவர்கள். துப்பாக்கி யாரும் கொண்டு வரவில்லை. ஆனாலும் நிறையப் பேர் வலது முழங்கையைக் கொஞ்சம் தூக்கி, உள்ளங்கையைத் தளர்த்தி, எதையோ மடியில் சாய்த்துக்கொண்டிருப்பது போலவே உட்கார்ந்திருந்தார்கள். பார்க்கச் சங்கடமாக இருந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டுச் சத்தம் ஜன்னல் வழியே ஏறி வந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வந்த பேப்பரில் இருந்ததையும் சேர்த்து எழுதிய கோரிக்கை மனுவை என்னிடம் நீட்டினார்கள். எழுத்துக் கூட்டி வாசித்தேன். கையெழுத்துகள் ஆரம்பிக்கும் இடத்தில் முதல் பெயர் வாத்தியாருடையது. நிமிர்ந்து தேடினேன். கடைசி வரிசையில் உட்கார்ந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மைக்கைக் கொடுத்தார்கள். எனக்கு மைக் வேண்டாம் என்றேன்.

"பன்னி வந்துச்சு, அது நெசம்" என்றேன். "கண்ணால பார்த்தேன்னு போட்டுகீறீங்க, பார்க்கல. துப்பாக்கி எடுத்துகினு போய் நின்னேன். நாலு பக்கமும் ஜன்னலு. எந்தப் பக்கம் பார்த்து சுடறதுன்னு யாராவது சொன்னா கையெழுத்துப் போடறேன்."

முன் வரிசையில் பட்டு வேட்டிக்காரர் ஒருவர், "மேல பார்த்து சுடு ஆயா" என்றார். சிலர் சிரித்தார்கள்.

"மேல போன குண்டு எங்கய்யா வுழும்?"

அவர்கள் ஒவ்வொருவரும் மனசுக்குள்ளேயே தங்கள் வீட்டுக்குப் பின்னால் போய் நின்று ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. தூக்கியிருந்த முழங்கைகள் ஒன்றொன்றாக இறங்கின. பேப்பரை மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

படியில் வாத்தியார் பின்னாலேயே வந்தார். மனுவில் அவர் பெயரைப் பற்றி நான் கேட்கவில்லை. "எங்கப்பா துப்பாக்கிம்மா" என்றார். எனக்கு அது போதும். கொழுந்தனார் என்னை விட்டுவிட்டுத் தனியாக ஆட்டோ ஏறிப் போனார். இன்றைக்கும் பேச்சு இல்லை.

அந்த வாரமே ஸ்டேஷனுக்குப் போனேன். துப்பாக்கியைத் துணியில் சுற்றி நானே தூக்கிக்கொண்டு போனேன். அங்கே எழுதுகிற போலீஸ்காரர் மரியாதையாகத்தான் நாற்காலி கொடுத்தார். எழுதி முடித்துக் கையெழுத்துக்கு நீட்டினார். வாசித்தேன். வயது முதிர்வு காரணமாக ஒப்படைக்கிறேன் என்று இருந்தது.

"வயசு காரணம் இல்ல. அடிச்சுட்டு எழுதுங்க."

"எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுவோம்மா. இல்லேன்னா இன்னா எழுதறது?"

"சுடறதுக்குத் திசை இல்லன்னு எழுதுங்க."

அப்படி ஒரு காரணம் கிடையாது என்றார். நான் உட்கார்ந்தே இருந்தேன். அவர் வேறு இரண்டு பேரைப் பார்த்து அனுப்பினார், டீ குடித்தார், எனக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தார். கடைசியில் புதுப் பேப்பர் எடுத்து, சுற்றிலும் குடியிருப்பு வந்துவிட்டதால் பயன்படுத்த இடமில்லை என்று எழுதினார். அது சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன். துப்பாக்கியை உள்ளே எடுத்துக்கொண்டு போனார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டரை இருக்கும். பின்பக்கம் சத்தம் கேட்டது. ஒரு முக்காலியை எடுத்துப் போட்டுக் கதவோரம் உட்கார்ந்தேன். மீதி இருந்தது இரண்டு சால். அது அவசரப்படவில்லை. செடி ஒவ்வொன்றாகச் சாய்ந்துகொண்டு வந்தது. வெறுங்கையை மடியில் வைத்துக்கொண்டு, கடைசிச் செடி விழும்வரை இருந்துவிட்டுத்தான் எழுந்தேன்.