மழையில் வைத்த சீன வாத்தியம்

டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் ஒரு வெள்ளிக்கிழமை, எனக்கு விரதம். சாமியறைக்குப் பக்கத்தில் மகள் எர்ஹூ வாசித்துக்கொண்டிருந்தாள். அது இரண்டு தந்திகளை வில்லால் இழுத்து வாசிக்கும் சீன வாத்தியம். கீழ்வீட்டுச் சீனப் பெண் இரவல் கொடுத்தது. கிட்டப் போய்ப் பார்த்தால், அதில் போர்த்தியிருந்தது மலைப்பாம்புத் தோல்!

“நாகபூசணி அம்மாளைக் கும்பிடுற வீட்டிலை பாம்புத்தோலோ?”

“அப்ப கோயில் தவில் என்ன, பிளாஸ்டிக்கோ அப்பா?”

“வாயை மூடு!” என்று பறித்து, வெளியே மழையில் வைத்தேன்.

மகள் அழைத்துவந்த அந்தப் பெண் நனைந்த தோலைத் தடவிப் பார்த்தாள். “வடக்கிலிருந்து குதிரைக்காரர் எங்கள் நாட்டுக்குக் கொண்டுவந்தது இது. வேற்றாரின் பொருளென்று நாங்கள் மழையில் போடவில்லை” என்றாள் டேனிஷில்.

நானோ இந்த நாட்டுக்கு அகதியாய் வந்தவன். அவள் வாத்தியத்தை அணைத்துக்கொண்டு கீழே போய்விட்டாள்.

அம்மாளிடம் அழுது மன்னிப்புக் கேட்பது சுலபமாயிருந்தது. கீழ்வீட்டுக் கதவை மூன்று தரம் தட்டிவிட்டேன், இன்னும் திறக்கவில்லை.