பொய் வன்னி கொடுத்த தங்கம்

என் மனைவி ஷிவலீலா தங்கம் செய்கிறவள். சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு மேலே படிக்கலாம்.

கழுத்தில் போடுகிற தங்கம் இல்லை. தங்க உப்பு கரைத்த தண்ணீரில் இலைக் கஷாயத்தை ஊற்றினால், இலையில் இருக்கிற துவர்ப்பு அந்த உப்பிலிருந்து தங்கத்தைப் பிரித்துத் தூளாக்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத தூள். நானோ துகள் என்பார்கள். அவ்வளவு பொடியானால் தங்கம் மஞ்சளாக இருக்காது, திராட்சை ரசம் போலச் சிவந்துவிடும். கடும் ரசாயனம் போட்டும் இதைச் செய்யலாம். ஆனால் கழிவுத் தண்ணீரை எந்தச் சாக்கடையில் கொட்டுவது? இலை என்றால் அந்தத் தொல்லை குறைவு. தார்வாடில் பஞ்சர் ஒட்டுகிற, பத்தாவது தாண்டாத நான் இவ்வளவு சொல்கிறேன் என்றால், சோள ரொட்டித் தட்டுக்கு முன்னால் உட்காரவைத்து அவள் எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நவலகுந்துப் பக்கம் கரிசல் காட்டுப் பருத்தி விவசாயியின் மகள் அவள். வேதியியலில் முதுகலை. "படிச்ச பொண்ணை டயர் கடைக்காரனுக்கா குடுப்பாங்க?" என்று கல்யாணப் பந்தலில் அவள் அத்தை கேட்டாள், என் காதில் விழட்டும் என்றே. ஷிவலீலா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இவரு ஒட்டுன டயர்ல காத்து நிக்குது அத்தை. உங்க மாப்பிள்ளை சொன்ன சொல்லு நிக்குதா?" என்றாள். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, வீட்டில் வாயைத் திறந்தால் யோசித்துத் திறக்க வேண்டும் என்று.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்குப் பதிந்துகொண்டாள். வருஷங்கள் ஓடின. யாரும் காய்ச்சிப் பார்க்காத புது மரம் ஒன்று தேவைப்பட்டது. எங்கள் பக்கம் தசராவுக்கு வன்னி இலையைத் தங்கம் என்று சொல்லிக் கொடுப்பது வழக்கம். அன்று சாயங்காலம் தெருவே இலையோடு வீடு வீடாக வந்தது. "தங்கம் வாங்கிக்கோங்க, தங்கமா இருப்போம்" என்று கையில் கொடுத்துப் போனார்கள். எல்லாம் சாமி மாடத்தில் குவிந்து காய்ந்தது. அதை வாரிப் பையில் போட்டுக்கொண்டு, "எல்லாரும் தங்கம்னு குடுத்தாங்களே, என்னதான் இருக்குன்னு பாத்துடுவோம்" என்று ஆய்வுக்கூடத்துக்குக் கிளம்பினாள்.

மத்தியானம் போன் வந்தது. நான் லாரிச் சக்கரத்தைக் கழற்றிப் போட்டிருந்தேன்.

"சிவந்துடுச்சுங்க."

"எது, உன் கண்ணா?"

"தங்கம்."

அந்தச் சந்தோஷத்தோடு குவியலும் தீர்ந்துபோனது. ஊருக்கு வெளியே கோயில் மைதானத்து வன்னியில் புது இலை பறித்து வந்தாள். சாம்பலும் நீலமுமாகக் கலங்கி அடியில் படிந்தது. காயவைத்துப் பார்த்தாள், அதுவும் அப்படியே. அவளுடைய வழிகாட்டி இனாம்தார் சார் நல்ல மனுஷர், ஆனால் கறார். "ஒரு தடவை வந்தது கணக்குல வராதும்மா. அடுத்த தசராவோட உன் பதிவுக் காலம் முடியுது. அதுக்குள்ள திரும்ப வரவச்சுக் காட்டு" என்றார். அத்தனை வருஷப் படிப்பும் அந்தச் சிவப்பில் தொங்கியது.

ஒரு நாள் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். "குவியல்ல இருந்தது பூராவும் ஒரே மரத்து இலைதானா?"

எங்கள் பக்கம் வன்னி என்ற பெயர் இரண்டு மரங்களுக்கு உண்டு. கோயிலில் நிற்பது ஒன்று. இன்னொன்று வேல மரத்து இனம். அதை ஊரில் பொய் வன்னி என்பார்கள். இரண்டுக்கும் பொடி இலை. காய்ந்து காம்பை விட்டு உதிர்ந்துவிட்டால் நட்டவனாலும் பிரிக்க முடியாது. தசராவுக்குப் பொய் வன்னியைக் கொடுப்பது மானக்கேடு. கொடுத்தவன் வாயால் ஒத்துக்கொள்ள மாட்டான்.

அவள் வீடு வீடாகப் போனாள். "நீங்க குடுத்த தங்கம் எங்க பறிச்சது?"

"என்ன அண்ணி, உரசிப் பாத்தீங்களா? மாத்து குறையுதா?" என்றான் மாவு மில் சோமலிங்கன். தெரு முழுக்கச் சிரிப்பு. எல்லாரும் கோயில் மரம் என்றே சொன்னார்கள். கடைசியில் கல்லப்பா வீடு. தசரா அன்று கோயில் வன்னிக்கு இலை பறிக்கப் போகிற மேளத்துக்கு முன்னால் தலைப்பாகையோடு நடக்கிறவர் அவர். "என்னைப் பாத்தா இந்தக் கேள்வி? நான் குடுத்தது பொய்யா?" என்று எகிறிக் கத்தி அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்தவள், "அவருதான்" என்றாள்.

"எப்படிச் சொல்றே?"

"மத்தவங்க சிரிச்சாங்க. அவருக்கு மட்டும்தான் கோவம் வந்துச்சு. நான் பொய்னு ஒரு வார்த்தை சொல்லவே இல்லை."

நான் போய் நாலு கேள்வி கேட்கிறேன் என்று எழுந்தேன். "நீங்க போனா சண்டை வரும், இலை வராது. உக்காருங்க" என்றாள்.

மறுநாள் வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுப் பிசைந்த கிர்மிட் பொரி ஒரு தட்டோடு போனாள். நான் வாசலோடு நின்றுகொண்டேன்.

"மாமா, கோயில் வன்னி எனக்கு உதவலை. பொய் வன்னிதான் வேணும். அதைக் காட்டிக் குடுக்கிறவருக்கு என் ஆய்வுப் புத்தகத்துல நன்றி எழுதுவேன்."

கல்லப்பா பொரியை மென்றார். மிளகாயைக் கடித்துத் தண்ணீர் குடித்தார். "பேரு முழுசா வருமா?"

"உங்க தகப்பனார் பேரோட வரும்."

"அன்னிக்கு முழங்கால் வலி. பஞ்சாலைக்குப் பின்னால ஒண்ணு நிக்குது, அதுல ஒடிச்சுட்டேன்."

"அப்போ மேளம்?" என்றேன் வாசலிலிருந்து.

"மேளம் அது பாட்டுக்குக் கோயிலுக்குப் போச்சு. நான் டீக்கடையில உக்காந்துட்டேன். திரும்பி வரும்போது சேந்துக்கிட்டேன். நீ டயரைப் பாருப்பா."

அதற்கும் அவள் துள்ளவில்லை. பூவையும் முள்ளையும் தாவரவியல்காரர்களிடம் காட்டி மரத்தின் பெயரை உறுதிசெய்துகொண்டாள். பிறகு காய்ச்சினாள். சிவந்தது. மறுபடி சிவந்தது. மழைக்காலத்து இலையிலும் சிவந்தது. பக்கத்திலேயே கோயில் இலை, அதே அளவு, அதே சூடு, அது கலங்கியது. "ஒரே பேரு, ரெண்டு மரம். இதையே தனி அத்தியாயமா எழுதும்மா" என்றார் இனாம்தார் சார். தசராவுக்கு முன்பே புத்தகம் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது.

வாய்மொழித் தேர்வுக்கு நான் கிரீஸ் போகக் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு போனேன். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டார்: "இந்த மரத்தை எப்படித் தேர்ந்தெடுத்தீங்க?"

"நான் தேர்ந்தெடுக்கலை சார். எங்க தெருவுல ஒருத்தருக்கு முழங்கால் வலி."

கூடமே சிரித்தது. கடைசி வரிசையில் கல்லப்பா எழுந்து எல்லாருக்கும் கும்பிடு போட்டார், தலைப்பாகையோடு. மேடையில் நின்றவளைப் பார்த்தேன். கல்யாணப் பந்தலில் கேட்ட அந்த அத்தையும் அங்கே இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றியது.

அடுத்த தசராவுக்குக் கல்லப்பாதான் முதலில் வந்தார். "டாக்டரம்மா, தங்கம் வாங்கிக்கோ. கோயில் மரம், அசல்."

வாங்கிக்கொண்டு காலைத் தொட்டாள். நிமிர்ந்தவள் இன்னொரு கையை நீட்டினாள். "அது சாமிக்கு. எனக்கு?"

அவர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஜிப்பா உள்பையிலிருந்து பஞ்சாலை மரத்துக் கொத்தை எடுத்துக் கொடுத்தார்.